ஒருவருக்குச் சத்தி வந்தால் வீடு முழுக்க ஏன் நோயில் விழுகிறது? நொரோவைரஸ் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. ஞாயிறு இரவு எல்லாரும் சேர்ந்து கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். திங்கள் இரவு முன்பள்ளிக்குப் போகும் நாலு வயதுப் பிள்ளைக்குத் திடீரென்று சத்தி (வாந்தி), விடியும்போது வயிற்றோட்டம். புதன் காலை அம்மாவுக்கு, வியாழன் பின்னேரம் அம்மம்மாவுக்கு. கைக்குச் சனிடைசர் பூசினார்கள், தரையை வாசனைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தார்கள். அப்படியிருந்தும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தது ஏன்? அப்பாவும் மூத்த பிள்ளையும் தப்ப வழி உண்டா? அண்டிபயோட்டிக் வேண்டுமா?

முதலில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். கொத்துரொட்டியில்தான் கோளாறு என்றால், ஒரே நேரத்தில் சாப்பிட்ட எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழுந்திருக்க வேண்டும். ஸ்ரெபிலோகொக்கஸ் என்ற பக்டீரியாவின் நச்சு, ஆறிய சோற்றில் பெருகும் பசிலஸ் சீரியஸ் நச்சு போன்றவை ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் சத்தியைக் கொண்டுவந்துவிடும். அப்படியானால் ஞாயிறு நள்ளிரவே கூத்து நடந்திருக்கும். இங்கே பிள்ளை விழுந்து ஏறத்தாழ 34 மணி நேரத்தின் பின் அம்மா, அதற்கும் ஒன்றரை நாள் கழித்து அம்மம்மா. சத்தியும் வயிற்றோட்டமும் கொண்டுவரும் நொரோவைரஸ் என்ற கிருமி உடலுக்குள் போனதிலிருந்து அறிகுறி தொடங்க 12 முதல் 48 மணி நேரம் எடுக்கும். பிள்ளையிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்தோ குளியலறையிலிருந்தோ அம்மம்மாவுக்கு என்று வைத்தால் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. பிள்ளைக்கு அது முன்பள்ளியில் தொற்றியிருக்கலாம், ஸ்கூல் வானில் தொற்றியிருக்கலாம், கடையிலும் தொற்றியிருக்கலாம். கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக் குளியலறையைக் கவனிக்காமல் விடுவதுதான் இந்த நோயில் அடிக்கடி நடக்கும் பிழை.

நொரோவைரஸ் புதிதல்ல. 1968 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நோர்வோக் என்ற ஊரின் பாடசாலை ஒன்றில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாகச் சத்தி எடுத்தார்கள். அப்போது சேகரித்த மல மாதிரியிலிருந்து 1972 இல் ஆல்பர்ட் கப்பிக்கியன் குழுவினர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இந்த வைரஸைக் கண்டார்கள். ஊர்ப் பெயரே வைரஸின் பெயராகிவிட்டது. குளிர் நாடுகளில் இதைக் குளிர்கால வாந்தி நோய் என்பார்கள். நமக்குக் குளிர்காலம் இல்லாததால் இது வருடம் முழுக்க ஏதோ ஒரு வகுப்பறையில் சுற்றிக்கொண்டே இருக்கும். உலகளவில் வருடத்துக்கு ஏறத்தாழ 68 கோடிப் பேருக்கு இது வருவதாக மதிப்பிடுகிறார்கள். சிலர் இதை 'வயிற்று ஃப்ளூ' என்பார்கள். இன்ஃபுளுவென்சாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஃப்ளூ ஊசி இதைத் தடுக்காது. ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து எடுத்த பிள்ளைக்கும் இது வரும், ஏனென்றால் அது வேறு வைரஸ். நொரோவுக்கென்று பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இன்னும் இல்லை. ஒரு முறை வந்தவருக்கு மீண்டும் வராது என்றும் இல்லை. வகைகள் பல, ஒன்றுக்கு எதிராக உண்டாகும் எதிர்ப்பு மற்றதற்கு அவ்வளவாக உதவாது.

இது இவ்வளவு வேகமாகப் பரவுவதற்குக் காரணம் எண்ணிக்கை. நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில், சில வேளை நூறு கோடிக்கு மேலும் வைரஸ் துகள்கள் இருக்கும். இன்னொருவருக்கு நோய் வர இருபதுக்கும் குறைந்த துகள்களே போதும் என்று தன்னார்வலர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். நகக்கண்ணில், கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலே அது ஒரு குடும்பத்துக்கு மிச்சம்.

அடுத்தது சத்தி. வயிற்றோட்டத்தை எல்லாரும் அசுத்தம் என்று நினைத்துக் கவனமாக இருப்பார்கள். சத்தியைப் பழைய துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். சத்தி வேகமாக வெளியே வரும்போது நுண்ணிய துளிகள் காற்றில் எழும்பிப் பக்கத்துக் கதிரை, மேசை, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றிலும் படியும். 1998 டிசெம்பரில் இங்கிலாந்தில் ஒரு ஹோட்டல் இராவிருந்தில் 126 பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மேசையிலேயே சத்தி எடுத்துவிட்டார். பின்னர் விசாரித்தபோது அவருடைய மேசையில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விழுந்திருந்தார்கள். மேசை தள்ளத் தள்ள விழுந்தோர் வீதம் குறைந்துகொண்டே போனது. ஆனாலும் மிகத் தூர மேசையிலும் நாலில் ஒருவருக்கு வந்திருந்தது. 2010 இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துப் பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணியில் நடந்தது இன்னும் விசித்திரம். ஒரு பிள்ளை ஹோட்டல் அறைக் குளியலறையில் இரவு முழுக்கச் சத்தி எடுத்திருக்கிறாள். அதே குளியலறையில் தின்பண்டப் பை ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளை பையைத் தொடவே இல்லை. அடுத்த நாள் பையிலிருந்த பண்டத்தைச் சாப்பிட்ட மற்றப் பிள்ளைகள் விழுந்தார்கள். உங்கள் குளியலறையில் திறந்தபடி நிற்கும் பல்துலக்கி, தொங்கும் துவாய், ஜன்னல் தட்டில் காயும் பிள்ளையின் பால் போத்தல் எல்லாவற்றையும் இந்தச் செய்தியோடு சேர்த்துப் பாருங்கள். அவை உடனே வெளியே வரவேண்டும். கொமோட் மூடியை மூடிவிட்டுத்தான் ஃப்ளஷ் அடிக்க வேண்டும்.

இனிச் சனிடைசர். கொவிட் வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை இருந்தது, அல்ககோல் அதைக் கரைத்துவிடும். நொரோவுக்கு அந்த உறையே கிடையாது, வெளியே இறுக்கமான புரதக் கூடு மட்டும்தான். ஆகவே சனிடைசர் அதில் பெரிதாக ஒன்றும் செய்யாது. கொவிட் காலப் பழக்கத்தில் வாசலில் போத்தலை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது உங்கள் பிழை இல்லை, அன்று சரியாக இருந்த பாடம் இந்த வைரஸுக்குப் பொருந்தவில்லை. சவர்க்காரமும் இதைக் கொல்லாது. அது வைரஸைத் தோலிலிருந்து கழற்றிவிடும், ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். அதனால்தான் தேய்ப்பும் ஓட்டமும் இங்கே முக்கியம். 20 விநாடி, விரல் நுனி, பெருவிரலின் அடி, நகக்கண். மோதிரம், வளையல், மணிக்கட்டில் கட்டிய கோயில் நூல் இருந்தால் அதன் அடியில் ஈரமும் அழுக்கும் தங்கும். நோய் இருக்கும் நாட்களில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவையுங்கள், நூலைச் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள்.

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் வாளிக்குள் கையை விட்டுக் கழுவாதீர்கள். ஒருவர் கழுவியதை அடுத்தவர் பூசிக்கொள்வதாகிவிடும். சுகமாக இருக்கும் ஒருவர் கோப்பையால் வார்க்க, மற்றவர் கழுவட்டும். கோப்பையின் பிடியை நோயாளி தொடக்கூடாது. நம் வீடுகளில் கழுவிச் சுத்தம் செய்வதால் கை-ஷவரின் பிடியும் குழாயின் திருகியும் கதவுத் தாழ்ப்பாளும்தான் வீட்டிலேயே அதிகம் மாசான இடங்கள். மூன்றையுமே சவர்க்காரம் போடுவதற்கு முன்புதான் தொடுகிறோம்.

தரைக்கும் குளியலறைக்கும் வேண்டியது குளோரின். வாசனைக் கிருமிநாசினி, பினைல், மண்ணிறக் கிருமிநாசினித் திரவம் இவற்றில் பலவற்றை நொரோ தாக்குப்பிடிக்கும். துணி வெளுக்கும் சாதாரண, வாசனை சேராத பிளீச் போதும். லேபிளில் எத்தனை வீதம் என்று பாருங்கள். 5 வீதம் என்றால் 1 லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் சேர்த்தால் 1000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு குளோரின்) கிடைக்கும். கதவுப் பிடி, குழாய், சுவிட்ச், ரிமோட் போன்ற இடங்களுக்கு இது சரி (ரிமோட்டைத் துணியில் நனைத்துப் பிழிந்து துடைக்கவேண்டும், ஊற்றக்கூடாது). சத்தி அல்லது மலம் பட்ட இடத்துக்கு 1 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர், அதாவது 5000 பிபிஎம். பிளீச் இல்லாமல் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் இருந்தால், அது 33 வீதம் அளவில் இருக்கும். லீற்றருக்கு 3 கிராம் போட்டால் முதல் அளவு, 15 கிராம் போட்டால் இரண்டாவது. கலக்கி வைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்தபின் மேல் தெளிவை எடுங்கள். கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும், வெயிலிலும் நாட்பட்டாலும் அது வலுவிழந்துபோகும். கடை அலுமாரியில் வருடக்கணக்காக நின்ற போத்தலை நம்ப வேண்டாம்.

சத்தியைத் துப்புரவாக்கும் ஒழுங்கை விளக்கமாகச் சொல்கிறேன், பெரும்பாலான வீடுகள் இங்கேதான் தோற்கின்றன. பிள்ளைகளை அறையை விட்டு அனுப்புங்கள், ஜன்னலைத் திறவுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். கையுறை இல்லையென்றால் இரண்டு ஷொப்பிங் பையைக் கையில் மாட்டலாம். பழைய பத்திரிகையையோ டிஷ்யூவையோ சத்தியின் மேல் விரித்து உறிஞ்சவிடுங்கள். பிறகு வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அள்ளிப் பையில் போட்டுக் கட்டுங்கள், அந்தப் பையை இன்னொரு பையில் போட்டுக் கட்டுங்கள். அதன்பின் சவர்க்காரத் தண்ணீரால் ஒருமுறை துடைக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டி நேரே பிளீச் ஊற்றினால், மிச்சமிருக்கும் சத்தியே குளோரினைத் தின்றுவிடும், வைரஸுக்குப் போய்ச் சேர ஒன்றும் மிஞ்சாது. துடைத்தபின் 5000 பிபிஎம் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். ஊற்றியவுடன் துடைப்பது வீண். பின்னர் தண்ணீரால் கழுவி, கையுறையை உட்புறம் வெளியே வரும்படி கழற்றி எறிந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அறை சிறிதென்றால் தெறித்த இடத்தோடு நிற்காமல் கதிரைக் கால், மேசை விளிம்பு, கட்டில் சட்டம் வரை 1000 பிபிஎம் கரைசலால் துடைத்துவிடுங்கள். குளியலறைக்குப் போட்ட துடைப்பத்தைக் குசினிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு கடும் எச்சரிக்கை. கொமோட் கழுவும் அமிலத் திரவத்தோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்க வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறிய ப்ளாட் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. முதலில் ஒன்றைப் போட்டு நன்றாகத் தண்ணீர் விட்டு அடித்துக் கழுவிய பிறகே மற்றது. அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் சேர்க்கக்கூடாது.

உடுப்பையும் படுக்கை விரிப்பையும் உதறாதீர்கள், முக்கியமாக பல்கனியில். கட்டியானதைக் கொமோட்டில் வழித்துவிட்டு, நீண்ட நேரச் சுற்றில் சலவைத் தூளோடு, இயந்திரம் அனுமதிக்கும் உச்ச சூட்டில் தோய்க்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் மட்டும் போகும் இயந்திரம் என்றால், வெள்ளைத் துணிகளைப் பிளீச் கரைசலிலும் நிறத் துணிகளைச் சுடுநீரிலும் ஊறவைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். காயவைக்க நேர்வெயில் நல்லது.

இனி நோயாளியைப் பற்றி. இந்த வைரஸ் சிறுகுடலின் விரலியமைப்புகளைச் சில நாட்களுக்குச் சப்பையாக்கிவிடுகிறது, உறிஞ்சும் வேலை தளர்கிறது. இரைப்பை காலியாகும் வேகமும் குறைகிறது, அதனால்தான் குடித்ததெல்லாம் திரும்பி வருகிறது. உடல் தானாகவே ஒன்று முதல் மூன்று நாளில் இதைத் தீர்த்துக்கொள்ளும். அதுவரை இழக்கும் உப்பையும் நீரையும் ஈடுசெய்வதுதான் வைத்தியம். அண்டிபயோட்டிக் வைரஸில் வேலை செய்யாது. தேவையில்லாமல் எடுத்தால் அதுவே வயிற்றோட்டத்தைக் கூட்டவும் செய்யும்.

ஈடுசெய்ய ஜீவனிக்கு, அதாவது பக்கெட்டில் விற்கும் உப்பும் குளுக்கோசும் கலந்த தூளுக்கு, நிகர் எதுவும் இல்லை. குடற்சுவரில் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தால்தான் திறக்கும் ஒரு வாசல் இருக்கிறது, வயிற்றோட்டத்தின்போதும் அது பெரும்பாலும் பழுதாவதில்லை. இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீர் பின்னால் போகும். உலக சுகாதார அமைப்பு 2002 இல் திருத்திய கலவையில் லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட், 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்கும். இந்த விகிதத்தைக் கெடுத்தால் வாசல் திறக்காது. ஆகவே ஒரு முழுப் பக்கெட்டை, அதன் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். 1 லீற்றர் பக்கெட் என்றால் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு. பிள்ளை கொஞ்சமாகத்தானே குடிக்கிறது என்று ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரைப்பவர்கள் உண்டு. அது உப்பை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். ஒன்றரை லீற்றர் போத்தலில் கரைத்தால் பலன் குறைந்துவிடும். சீனி, தேசிக்காய், பழரசம் எதையும் சேர்க்க வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள், கரைத்தபின் கொதிக்கவைக்கக்கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

நடுச்சாமத்தில் பாமசி பூட்டியிருந்தால் 1 லீற்றர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டும் தட்டையாக வழித்த கரண்டி, குவித்தது கூடாது. விடியும்வரை தாங்கும். விடிந்ததும் பக்கெட் வாங்குங்கள், ஏனென்றால் இதில் பொட்டாசியம் இல்லை.

சத்தி எடுத்தவுடன் குடிக்கக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் இரைப்பைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. கையில் மணிக்கூடு வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. பிள்ளை தாகத்தில் கோப்பையைப் பறிக்கும், ஒரே மூச்சில் குடித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். கரண்டிக் கணக்கு அற்பமாகத் தெரியும், ஆனால் மணிக்கு 150 மில்லிலீற்றர் உள்ளே போய்விடுகிறது. ஒரு மணி நேரம் சத்தி இல்லாவிட்டால் கரண்டியை அடிக்கடியாக்கலாம். ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்பும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலீற்றர், பெரியவருக்கு வேண்டிய மட்டும். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். மாப்பாலில் தண்ணீரைக் கூட்டிக் கரைக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு வைத்தியர் துத்தநாக மாத்திரை தருவார்: ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். வயிற்றோட்டம் நின்றதும் அதை விட்டுவிடுகிறார்கள். முழு நாட்களும் கொடுக்க வேண்டும்.

தம்பிலி நல்லது, ஆனால் ஜீவனிக்குப் பதிலாகாது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வயிற்றோட்டத்தில் அதிகம் இழப்பது சோடியத்தை. உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி, தெளிந்த பருப்புத் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர் இவை பக்கத்துணை. இஞ்சி பியரும் சோடாவும் வேண்டாம். வயிற்றுக்கு நல்லதென்று பலர் கொடுப்பார்கள், ஆனால் அந்தச் சீனிச் செறிவு குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். பட்டினி போடத் தேவையில்லை. பசி வந்ததும் குழைந்த சோறு, இடியப்பம், அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பாண். உறைப்பும் கட்டித் தேங்காய்ப்பாலும் ஓரிரு நாள் பொறுக்கட்டும்.

வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபரமைட் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. பெரியவருக்கும் காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் கூடாது. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் மட்டும். கொழும்பில் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நுளம்பும் இங்கேயே இருக்கிறது. டெங்கும் காய்ச்சல், சத்தி, வயிற்று நோவோடு தொடங்கலாம். அந்த நேரத்தில் அஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எடுத்தால் இரத்தக் கசிவு மோசமாகும். நொரோவில் காய்ச்சல் வந்தாலும் பெரும்பாலும் லேசு, ஒரு நாளில் தணியும். காய்ச்சல் உடம்பைக் கொதிக்கவைத்து, இரண்டு நாள் தாண்டியும் நின்றால் 'வயிற்றுக் கோளாறு' என்று இருந்துவிடாமல் மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுங்கள். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம், காய்ச்சல் விட்டதும் சத்தியும் வயிற்று நோவும் கூடினால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்.

பொறுக்கக்கூடாத மற்ற அறிகுறிகள்: பிள்ளை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, அழுதும் கண்ணீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறது, தூங்கி வழிகிறது. பச்சை நிறச் சத்தி, மலத்தில் இரத்தம், வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்த நோவு, கரண்டியால் கொடுத்தும் எதுவும் தங்காத நிலை, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை. இவற்றில் எது இருந்தாலும் வைத்தியசாலைதான். பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் பெரியவர்களுக்குக் கொழும்புத் தேசிய வைத்தியசாலையும் இருக்கின்றன. தூக்கிக்கொண்டு போக முடியாவிட்டால் 1990 இலக்கத்தை அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

உங்கள் வீட்டில் எனக்கு அதிகம் கவலை அம்மம்மாவைப் பற்றித்தான். வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது, கேட்காமல் சுருண்டு படுத்துவிடுவார்கள். அவர் நீர் போகும் மாத்திரை, பிரஷருக்கு லோசாட்டன் அல்லது எனலாபிரில், நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுப்பவராக இருந்தால் இன்றே அவருடைய வைத்தியரைக் கேளுங்கள். உடல் வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், சில நாட்களுக்கு நிறுத்தி வைக்கச் சொல்லக்கூடும். இன்சுலினை நீங்களாக நிறுத்த வேண்டாம். நீரிழிவு இருந்தாலும் ஜீவனி குடிக்கலாம், சீனி அளவை மட்டும் அடிக்கடி பாருங்கள். இரவில் குளியலறைக்குத் தனியே அனுப்பாதீர்கள். எழும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பு முறிவது சத்தியை விடப் பெரிய விபத்து.

அப்பாவும் மூத்த பிள்ளையும் தப்ப வேண்டுமானால் இன்றிலிருந்து அப்பா சமைக்கட்டும். சத்தி, வயிற்றோட்டம் நின்று 48 மணி நேரம் முடியும்வரை அம்மா குசினிக்குள் வரக்கூடாது. நம் சாப்பாட்டில் கை படாதது குறைவு. சம்பல் பிசைவதும் மல்லுங் கலப்பதும் பழம் வெட்டுவதும் கையால்தான், அவை பிறகு அடுப்பைக் காண்பதில்லை. கொதிக்கும் கறியை விட இவைதான் ஆபத்து. இரண்டு குளியலறை இருந்தால் ஒன்று நோயாளிகளுக்கு. ஒன்றுதான் என்றால் ஒவ்வொரு தடவையும் ஃப்ளஷ் பிடி, குழாய், தாழ்ப்பாள் மூன்றையும் பிளீச் துணியால் துடைக்க வேண்டும். துவாய் ஆளுக்கொன்று. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அவர் இதைத் தன் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகக்கூடாது, இன்னும் இரண்டு வீட்டுக் குசினிகளுக்கும் கொண்டுபோகக்கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேசை மேல் வைக்கும் செராமிக் வடிகட்டி பக்டீரியாவைப் பிடிக்கும், ஆனால் அதன் துளைகள் ஏறத்தாழ 200 நனோமீற்றர். நொரோவின் அகலமே 27 முதல் 40 நனோமீற்றர், வாசலால் நடந்து போவது போலப் போய்விடும். நன்றாகக் கொதித்துக் குமிழ் வந்து ஒரு நிமிடம் கடந்தால் பயமில்லை. கடையில் வாங்கும் ஐஸ் கொதித்த தண்ணீரில் செய்ததா என்பது தெரியாதபோது தவிர்ப்பதே நல்லது. மட்டி, சிப்பி வகைகள் வைரஸைத் தமக்குள் சேர்த்துவைக்கும். ஓடு விரிந்ததும் இறக்கிவிடாமல் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், 60 பாகை அளவு வெப்பத்தையும் இது தாக்குப்பிடிக்கும். ப்ளாட் முழுக்கப் பல வீடுகளில் ஒரே நாளில் தொடங்கினால் கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கியைச் சந்தேகியுங்கள், உடனே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கலியாண வீட்டில் ஒரு சவன் தட்டைச் சுற்றி ஆறு பேர் கை போட்டுச் சாப்பிடுவதோ, கோயில் அன்னதானத்தில் பரிமாறுவதோ, 48 மணி நேரம் முடியாதவர் தள்ளி நிற்பது மற்றவருக்குச் செய்யும் மரியாதை.

பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்பும் நாளும் அதே கணக்குத்தான்: கடைசிச் சத்தி அல்லது கடைசி இளகிய மலத்திலிருந்து 48 மணி நேரம். செவ்வாய் இரவு நின்றிருந்தால் வெள்ளி காலை அனுப்பலாம். ஆசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், அவர் அங்கே பிளீச் எடுப்பார். சுகமானாலும் மலத்தில் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். அதற்காக இரண்டு வாரம் வீட்டில் பூட்டிவைக்கத் தேவையில்லை. பிள்ளை கக்கூஸ் போய்வந்ததும் அந்த இரண்டு வாரமும் பக்கத்தில் நின்று, நகக்கண் வரை சவர்க்காரம் போட்டு நீங்களே கையைக் கழுவிவிடுங்கள்.